தெரிந்தேதான் ஏறினேன்

என் கணவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. குடித்துவிட்டு வந்து ரகளை செய்ததில்லை. வேறு பெண்ணோடு பழக்கம் என்றும் நான் கேள்விப்பட்டதில்லை. திண்டிவனத்து வீட்டைவிட்டு நான் வந்த பிறகு என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்டது இவற்றைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் நான் இல்லை என்று தலையாட்டியதும், அப்புறம் உனக்கு என்னதான் குறை என்பதுபோல் பார்ப்பார்கள்.

அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேச்சில் கெட்டிக்காரர். வீட்டில் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். முன்னறையில் நாற்காலி போதாமல் பாயை விரித்துப் போட்டிருப்போம். வந்தவர்களைச் சிரிக்க வைக்காமல் அவர் அனுப்பியதில்லை. அந்தச் சிரிப்புக்கு அவருக்குக் கிடைத்த சுலபமான சரக்கு நான்.

நான் மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும். பன்னிரண்டாவது முடித்து லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். படித்த இடத்திலேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்தேன். நான் ஊசி குத்தினால் வலிக்காது என்று நோயாளிகள் என் வரிசையில் வந்து நிற்பார்கள். கல்யாணமானதும் வேலைக்குப் போக வேண்டாம் என்றார்கள். ஒரு வருஷம் போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு வருஷம் எத்தனையோ வருஷமானது. இடையில் அவர் வந்தவர்களிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். "இவ லேப்ல வேல பாத்தாளாம். ரத்தத்தப் பாத்தா இவளே மயங்கி வுழுந்துடுவா. பேஷன்ட்டு தண்ணி தெளிச்சி எழுப்புவான்."

நான் ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை. ஆனால் எல்லாரும் சிரித்தார்கள். காபித் தட்டோடு நின்றிருந்த நானும் சிரித்தேன்.

இப்படி நிறைய. நான் பாயசத்தில் உப்புப் போட்ட கதை, ஏ.டி.எம். கதவைத் திறக்கத் தெரியாமல் நின்ற கதை, அவருடைய மேலதிகாரியின் மனைவியிடம் இங்கிலீஷ் பேசிய கதை. சிலவற்றில் கொஞ்சம் உண்மை இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது கொஞ்சம் வளரும். எல்லாவற்றிலும் பெரிய வெற்றி, நான் பஸ் மாறி ஏறிய கதைதான்.

அது நடந்தது கல்யாணமான இரண்டாம் வருஷம், மகள் பிறப்பதற்கு முன்பு. முந்தின நாள் வீட்டுக்கு வந்திருந்த அவருடைய நண்பர்கள் முன்னால் என் நடையை அவர் நடந்து காட்டினார். வரப்பில் நடந்து பழகியவள், ரோட்டிலும் கால் பார்த்துப் பார்த்து வைக்கிறாளாம். என் மாமியாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். காலையில் நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மயிலம் போகும் பஸ் நின்றிருந்தது. எனக்குத் தெரிந்த கண்டக்டர்தான். அந்த பஸ்ஸில் ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைப்பாள், மாப்பிள்ளை எப்படி இருக்கார் என்பாள், நல்லா இருக்கார் என்பேன், சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுவாள். அதற்கு அப்பால் மரக்காணம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நான் அதில் ஏறினேன். போர்டைப் படித்துவிட்டு, கண்டக்டரிடம் மரக்காணம் என்று ஊர் பேர் சொல்லி டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

மரக்காணத்தில் எனக்கு யாரையும் தெரியாது. உப்பளங்கள் வெயிலில் கண்ணாடி மாதிரி கிடந்தன. இறங்கி, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு நடந்தேன். மீனவர் குப்பத்தைத் தாண்டி மணலில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மீன் கூடையோடு போன ஒரு பெண் என்னைக் கடந்துபோய், திரும்பி வந்தாள்.

"யாரும்மா நீ? தனியா குந்திக்கினு கீற?"

"சும்மாங்க. கடலப் பாக்க வந்தேன்."

"கடல்ல இன்னா இருக்குது பாக்கறதுக்கு? வூட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை. "சாப்டியா?" என்றாள். இல்லை என்றேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் மீன் குழம்பும் போட்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தைகூடத் துருவவில்லை. நான் சாப்பிட்டு முடித்ததும், "இருட்டறதுக்குள்ள ஜல்தியா பஸ் புடி" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எனக்குத் திரும்பிப் போக திண்டிவனத்து வீட்டைத் தவிர வேறு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. போனேன்.

அதற்குள் அம்மா வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். நான் அங்கே வரவில்லை என்று தெரிந்து, வீட்டில் எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். எங்கே போனாய் என்று அவர் கேட்டார். கடல் பார்க்கப் போனேன் என்றால் அது எங்கே போய் முடியுமோ என்று பயந்து, "பஸ் மாறி ஏறிட்டேங்க, தூங்கிட்டேன். அங்க ஒரு மீன்காரம்மா சோறு போட்டு அனுப்பினாங்க" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பொறந்த ஊருக்குப் போகிற பஸ்ஸைத் தெரியாமல் மரக்காணம் போய் இறங்கியவள் என்று அன்றைக்கே அண்டை வீட்டுக்காரரிடம் சொன்னார். அதன்பின் அந்தக் கதையை நான் கேட்காத விசேஷம் கிடையாது. கதையில் நான் மரக்காணத்தில் இறங்கி, "இங்க மயிலம் கோயில் எங்க இருக்குது?" என்று மீன்காரியிடம் கேட்பேன். அவள், "தண்ணிக்கு அந்தாண்ட இருக்குது, நீந்திப் போ" என்பாள். எனக்குச் சோறு போட்ட பெண்ணை இவர் இப்படி ஆக்கிவிட்டார். அதுதான் என்னை மற்ற எல்லாவற்றையும்விட உறுத்தியது.

ஒரு மனுஷியை முட்டாள் என்று திட்டினால் அவளுக்குக் கோபம் வரும், மறுத்துப் பேசுவாள். சிரித்துக்கொண்டே சொன்னால் மறுக்க வழியில்லை. நான் ஒரு தடவை தனியாக இருக்கும்போது, இப்படிச் சொல்லாதீங்க, கஷ்டமா இருக்கு என்றேன். "உனக்கு விளையாட்டுகூடப் புரியாதா?" என்றார். மறுநாள் அதுவும் ஒரு கதையானது. வர வர, எதைத் தொட்டாலும் தப்பாகிவிடும் என்று நானே நம்பத் தொடங்கினேன். காஸ் சிலிண்டர் மாற்றப் பயம். மகளின் ஸ்கூலில் டீச்சரிடம் பேசப் பயம். கடைக்குப் போனால் சொன்ன சாமானைத்தான் வாங்கினேனா என்று பையைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டாள். "ஊருல அவனவன் குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய ஒதைக்கறான். உன் புருஷன் சிரிக்கச் சிரிக்கப் பேசறாரு. இது ஒரு கொறையாடி?"

மகள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது என் நாத்தனார் பிள்ளைக்கு மயிலம் மலைக்கோயிலில் காது குத்தினார்கள். அடிவாரத்து மண்டபத்தில் சாப்பாடு. என் பிறந்த வீட்டாரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஆண்களும் பெண்களுமாகச் சுற்றி உட்கார்ந்தபோது யாரோ அவரிடம், "மயிலத்துக்கே வந்துட்டோம், அந்த பஸ் கதையச் சொல்லு மாப்ள" என்றார்கள்.

அவர் ஆரம்பித்தார். பாதியில் என் மகள் எழுந்து, "அப்பா, நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கையில் பையை மாட்டிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, கண்ணை உருட்டி, கால் பார்த்துப் பார்த்து நடந்தாள். என்னைத்தான் நடித்தாள். அவருடைய வார்த்தைகள் எல்லாம் அவளுக்குப் பாடமாயிருந்தன. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்றுகூடத் தெரிந்திருந்தது. மண்டபமே சிரித்தது. என் அப்பா மட்டும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

என் மகளின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இவள் வளர்ந்து இன்னொரு வீட்டில் காபித் தட்டோடு நிற்கும்போது இவளுக்கும் சிரிக்கத் தெரியும் என்று தோன்றியது. அந்த நினைப்புத்தான் என்னை எழுப்பி நிற்க வைத்தது.

"நான் பஸ் மாறி ஏறல," என்றேன்.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். "நான் பஸ் மாறி ஏறல. தெரிஞ்சேதான் ஏறினேன். மரக்காணம்னு சொல்லி டிக்கெட்டு வாங்கித்தான் போனேன்."

அவர் சிரித்தபடி மற்றவர்களைப் பார்த்தார். "பாத்தீங்களா, இப்பப் புதுசா ஒண்ணு உடறா."

என் மாமியார் கேட்டார். "தெரிஞ்சி ஏறினியா? அங்க யாரு இருக்கா உனக்கு?"

"யாரும் இல்ல அத்தை. உங்க வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாதுன்னு ஏறினேன். போக்கிடம் இல்லாம வந்தேன். எனக்குச் சோறு போட்டு அனுப்பினது அந்த மீன்காரம்மாதான். அவங்கள யாரும் கிண்டல் பண்ண வேணாம்."

என் கணவரின் முகம் மாறியது. அதற்குமுன் அந்த முகத்தில் நான் கூச்சத்தைப் பார்த்ததில்லை. கையைப் பிடித்து, "வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டேன். "நான் எங்க அப்பா வீட்டுக்குப் போறேன். பாப்பாவும் என்னோட வரட்டும்" என்றேன். அழவில்லை. அழுதிருந்தால் அதுவும் கதையாகியிருக்கும்.

அம்மா வீட்டில் முதல் சில வாரங்கள் சுலபமாக இல்லை. "நாலு பேரு முன்னாடி புருஷன் மானத்த வாங்கிட்ட" என்று அம்மா தினமும் புலம்பினாள். என் மானம் பல வருஷமாக நாலு பேர் முன்னால் போய்க்கொண்டிருந்ததை அவள் எண்ணியதில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "எல்லாரும் சிரிக்கசொல்ல அவ மண்டபத்துல குந்திக்கினு இருந்தத நான் பாத்தேன். நீ பாக்கல. உடு." அதற்குப் பிறகு அம்மா புலம்புவதைக் குறைத்துக்கொண்டாள்.

என்னோடு படித்த ஒருத்தி விழுப்புரத்தில் ஒரு லேபில் ஆள் தேவை என்றாள். போய்க் கேட்டேன். இத்தனை வருஷ இடைவெளியா என்று முதலாளி யோசித்தார். பிறகு, வந்து பாருங்கள் என்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மாடியில் ஒரு வீடு பிடித்தேன். மகளை அங்கேயே ஸ்கூலில் சேர்த்தேன்.

லேபில் எல்லாமே மாறியிருந்தது. நாங்கள் கையால் செய்த சோதனைகளை மெஷின்கள் செய்தன. இன்சார்ஜாக இருந்த பெண் என்னைவிட ரொம்பச் சின்னவள். நான் அவளிடம் ஒவ்வொன்றுக்கும் போய் நிற்பேன். இந்த ட்யூபா, அந்த ட்யூபா, நான் எடுக்கட்டுமா, தப்பாகிவிட்டால் என்ன செய்வது. ஒருநாள் அவள் கையிலிருந்ததை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க கரெக்டாத்தான் பண்றீங்க. பண்ணிட்டு வந்து ஏன் ஸாரி சொல்றீங்க? பேஜாரா இருக்குதுக்கா."

"ஸாரிம்மா," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு எனக்கே சிரிப்பு வந்து நான் சிரித்த சிரிப்பு அது.

முதல் நாள் ரத்தம் எடுத்தது எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. கெடாரிலிருந்து வந்த ஒரு வயதான விவசாயி. வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்திருந்தார். வெயிலில் காய்ந்த கை. ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு மேலே தெரியவில்லை. மயங்கி விழுந்துவிடுவேன் என்று என் கணவர் சொன்ன குரல் காதில் கேட்டது, சுற்றியிருந்தவர்கள் சிரித்ததும் கேட்டது. கண்ணை ஒரு தடவை மூடிக்கொண்டு, தோலின் மேல் விரலை வைத்துத் தேடினேன். விரலுக்குத் தெரிந்தது. விரல் எதையும் மறக்கவில்லை. ஊசியைக் குத்தினேன், ரத்தம் வந்தது, பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"குத்திட்டியாம்மா?" என்றார் பெரியவர்.

"முடிஞ்சிடுச்சுங்க. போய் டிபன் சாப்டுட்டு வாங்க."

பின்னால் இருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுகையா என்றால் இல்லை. கோபம். இந்தக் கையை இத்தனை வருஷம் காபி ஆற்ற மட்டும் வைத்திருந்தேனே என்று வந்த கோபம். அந்தக் கோபம் எனக்கு நல்லது செய்தது. அதை வைத்துக்கொண்டே புது மெஷின்களைக் கற்றேன்.

அந்தக் கதை விழுப்புரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒருநாள் ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். என் கணவருடைய தூரத்துச் சொந்தம். "நீ நம்ம திண்டிவனத்துப் பொண்ணுதானே? அந்த பஸ் மாறி ஏறினது?" என்று மற்றவர்கள் காதிலும் விழும்படி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமாங்க, நான்தான். கைய நீட்டுங்க," என்றேன்.

என் கையில் ஊசியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "பாத்துக் குத்தும்மா," என்றார் மெதுவாக.

"பயப்படாதீங்க. எனக்கு எங்க போறேன்னு தெரியும்."

வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்த இன்சார்ஜ் பெண்ணுக்கு மட்டும் புரிந்தது. அவள் சிரிப்பை அடக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் மகள்தான் கடினமாக இருந்தாள். அவளுக்கு அப்பாவைப் பிடிக்கும். பிடிக்காமல் இருக்க அவர் கெட்டவரும் இல்லை. சனிக்கிழமைகளில் வந்து திண்டிவனத்துக்கு அழைத்துப் போவார். பரோட்டா வாங்கிக் கொடுப்பார், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். இங்கே வந்தால் இருப்பது மாடி வீடும் களைத்துப்போன அம்மாவும். "ஒரு ஜோக்குக்காகவா வீட்ட வுட்டு வந்த?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டு நிற்காமல், "ஆமாம்" என்றேன். "உனக்குப் புரியறப்போ புரியட்டும். புரியலனாலும் பரவால்ல. ஆனா இந்த வீட்ல யாரும் யாரையும் நடிச்சிக் காட்டக் கூடாது." அவள் ரொம்ப நாள் முறைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவளாகவே ஒருநாள் சொன்னாள். திண்டிவனத்தில் முன்னறையில் அப்பா அவளைப் பற்றி ஒரு கதை சொன்னாராம். கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்த கதை. வந்தவர்கள் சிரித்தார்களாம். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பார்த்தியா" என்ற வார்த்தை வாய்வரை வந்தது, விழுங்கினேன். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பெரிய பெண், கால் கீழே தொங்கியது.

போன வருஷம் அவர் லேபுக்கே வந்தார். மதியம், கூட்டம் இல்லாத நேரம். மெலிந்திருந்தார். வெளியே மாடிப்படிக்குக் கீழே நின்று பேசினோம்.

"போனது போவட்டும். வீடு வீடா இல்ல. வந்துடு."

"எதுக்குங்க?"

"என்ன எதுக்குன்னு கேக்கற. நான் உன்ன என்ன கொடுமை பண்ணிட்டேன்? விளையாட்டுக்குச் சொன்னத மனசுல வெச்சிக்கினு..."

"ஒண்ணு கேக்கறேன். இத்தன வருஷத்துல என்னப் பத்தி நாலு பேர்கிட்ட எவ்வளவோ சொல்லியிருக்கீங்க. என்னப் பெருமையா சொன்னது ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ரோட்டைப் பார்த்தார், தன் வண்டிச் சாவியைப் பார்த்தார்.

"நீ நல்லா சமைப்ப," என்றார்.

"அதையாவது யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அதற்காகப் போய்விட முடியுமா. "நான் வரல. பாப்பாவப் பாக்க எப்ப வேணா வாங்க. அவளப் பத்திக் கதை சொல்லாதீங்க, அவளுக்குப் பிடிக்கல," என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். மேலே போய்க் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

விவாகரத்துப் பற்றி வக்கீலிடம் பேசியிருக்கிறேன். நடக்கிறபோது நடக்கட்டும். இன்சார்ஜ் பெண் கல்யாணமாகி வெளியூர் போனபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, காலை நேர லேபை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு வேண்டும் என்றும் கேட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் பெரும்பாலும் சண்டை போடுவோம். அவள் இப்போது பத்தாவது. போன், தலைமுடி, டியூஷன், எதற்கும் சண்டை. போன வாரம் அவள் கத்த, நான் கத்த, பக்கத்து போர்ஷன் அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா சத்தம்?" என்றார்.

"சண்டைங்க," என்றேன்.

"யாரு ஜெயிச்சது?"

நான் சொல்வதற்குள் மகள் உள்ளேயிருந்து சொன்னாள். "இன்னும் முடியல ஆன்ட்டி."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.